லேப்டாப்பில் 1 நொடி, சர்வரில் 20 நொடி: உங்கள் சர்வர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கிறது என்று அளப்பது எப்படி

விண்டோஸ் லேப்டாப்பில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் வெப் ஆப் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லும் என்பதை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான். பைத்தானையும், அதில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ளாஸ்க்கையும் வைத்துச் சொல்கிறேன், ஓஎஸ் மாறினால் நிலைமை எவ்வளவு மாறும் என்பது அதில் பளிச்சென்று தெரியும். மற்ற மொழிக்காரர்களும் இதே சோதனையைச் செய்யலாம்.

முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு வேலையும் செய்யாமல் 1 நொடி தூங்கிவிட்டு "சரி" என்று பதில் அனுப்பினால் போதும். நிஜ ஆப்பில் டேட்டாபேஸ் பதிலுக்காக நம் ப்ரோக்ராம் காத்துக்கிடக்கிறதே, அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தூக்கம்.

அடுத்து அபாச்சி பெஞ்ச், ஒரு சர்வருக்கு ஒரேயடியாகப் பல ரிக்வெஸ்ட் அனுப்பி நேரம் அளக்கும் கருவி. மேக்கில் ஏற்கெனவே இருக்கும், உபுண்டுவில் அபாச்சி2-யூடில்ஸ் என்ற பேக்கேஜில் வரும், விண்டோஸில் எக்ஸாம்ப் (அபாச்சி வெப் சர்வரோடு வரும் தொகுப்பு) போட்டிருந்தால் அதன் அபாச்சி ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கும். மொத்த ரிக்வெஸ்ட் 20, ஒரே நேரத்தில் போவதும் 20 என்று கொடுத்து அந்தப் பக்கத்தைத் தாக்குங்கள். வேறு எந்த எண்ணையும் இப்போது பார்க்க வேண்டாம், மொத்தம் எத்தனை நொடி ஆனது என்று மட்டும் பாருங்கள். 1 நொடி சொச்சம் என்றால் 20 பேரையும் ஒன்றாகக் கவனித்திருக்கிறது, 5 நொடி என்றால் நாலு நாலு பேராக, 20 நொடி என்றால் ஒருவர் பின் ஒருவராக.

தயவுசெய்து குரோமில் இரண்டு டேப் திறந்து சோதிக்காதீர்கள். நான் ஒரு மாலை முழுக்க அப்படித்தான் ஏமாந்தேன். ஒரே யூஆர்எல்லை இரண்டு டேபில் கேட்டால், முதல் பதில் கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பில்) சேருமோ என்று பார்த்து குரோமே இரண்டாவதைக் காக்க வைத்துவிடும், நாம் சர்வரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இப்போது ஃப்ளாஸ்க்கின் டெவலப்மெண்ட் சர்வரை லேப்டாப்பில் ஓட்டி அளந்தால் ஏறக்குறைய 1 நொடிதான் வரும், ஏனென்றால் 1.0 வெர்ஷனிலிருந்து அது ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட் (ஒரே ப்ரோக்ராமுக்குள் தனியாக ஓடும் இழை) திறந்துவிடுகிறது. அதே ப்ரோக்ராமை லினக்ஸ் சர்வரில், பைத்தான் ஆப்களை ஓட்டும் ஜியூனிகார்ன் என்ற சர்வர் மென்பொருளில் ஒரு செட்டிங்கும் தொடாமல் ஓட்டுங்கள். 20 நொடி! ஒரே வொர்க்கர் (ரிக்வெஸ்டைக் கவனிக்கும் ப்ராசஸ்), அதுவும் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டை மட்டும் எடுக்கும் வகை, அதுதான் அதன் டிஃபால்ட். "லோக்கல்ல நல்லாத்தான் ஓடுச்சு" என்று நாம் சொல்லும்போது பொய் சொல்வதில்லை, உண்மையிலேயே நன்றாகத்தான் ஓடியிருக்கும்.

சரி, அதே ஜியூனிகார்னை விண்டோஸிலேயே ஓட்டிப் பார்க்கலாமே என்றால் ஓடாது. யூனிக்ஸ் குடும்பத்தில் ஃபோர்க் என்றொரு வசதி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தன்னையே பிரதி எடுத்துக்கொள்ளும், மெமரியையும் உடனே இரட்டிப்பாக்காமல் மாறுகிற மெமரித் துண்டை மட்டும் தனியாக்கும். ஜியூனிகார்ன் அதை நம்பித்தான் வொர்க்கர்களைப் பெற்றுப்போடுகிறது. விண்டோஸில் அது கிடையாது, அங்கே ப்ராசஸ் திறப்பதே கனமான வேலை, அதனால் த்ரெட்தான் வழக்கம். அபாச்சியிலும் இதே கதைதான். லினக்ஸில் பல ப்ராசஸ் வைத்து ஓடுகிற அபாச்சி, விண்டோஸில் ரிக்வெஸ்ட் எல்லாவற்றையும் ஒரே ப்ராசஸுக்குள் 64 த்ரெட் வைத்துக் கவனிக்கிறது. விண்டோஸில் பைத்தானுக்கு வெயிட்ரஸ் என்ற சர்வர் இருக்கிறது, டிஃபால்ட் 4 த்ரெட், ஆகவே நம் சோதனையில் 5 நொடி. ஆக, ஒரே ப்ரோக்ராமுக்கு 1, 5, 20 என்று மூன்று விடை.

என் யோசனை, விண்டோஸில் இருப்பவர்கள் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் ஜியூனிகார்னை ஓட்டுங்கள். உள்ளே இருப்பது நிஜ லினக்ஸ் கெர்னல், சர்வரில் என்ன நடக்குமோ அதன் சாயல் லேப்டாப்பிலேயே தெரிந்துவிடும். மேக்கில் ஜியூனிகார்ன் நேரடியாகவே ஓடும்.

அப்புறம், வொர்க்கர் எத்தனை வைப்பது? சிபியு கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்று ஜியூனிகார்ன் ஆவணம் சொல்கிறது, 4 கோருக்கு 9. தொடங்க அது போதும், ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நொடிக்கு 40 ரிக்வெஸ்ட் வருகிறது, ஒவ்வொன்றும் கால் நொடி எடுக்கிறது என்றால் எந்த நேரத்திலும் சராசரியாக 10 ரிக்வெஸ்ட் உள்ளே இருக்கும், 9 வொர்க்கர் திணறும். காத்திருப்புதான் அதிகம் என்றால் ஒவ்வொரு வொர்க்கருக்கும் 4 த்ரெட் கொடுங்கள், 36 ஆகிவிடும். பைத்தானிலேயே கணக்குப் போட்டு சிபியுவைத் தின்னும் வேலை என்றால் த்ரெட்டால் பயனில்லை, வழக்கமான பைத்தானில் ஒரு ப்ராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும். இன்னொன்று, டிஃபால்ட் வகை வொர்க்கர் ஒரு ரிக்வெஸ்டிலேயே 30 நொடிக்கு மேல் மாட்டிக்கொண்டால் ஜியூனிகார்ன் அதைக் கொன்றுவிட்டு வேறொன்றைத் திறக்கும், மாதக்கடைசி ரிப்போர்ட் பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜியூனிகார்னுக்கு முன்னால் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைப்பவர்களுக்கு: அது த்ரெட் கணக்கில் யோசிப்பதில்லை, ஒரே வொர்க்கர் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு எதில் டேட்டா வந்திருக்கிறது என்று கெர்னலைக் கேட்கும். லினக்ஸில் அப்படிக் கேட்கும் வழி இபோல், மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் கேக்யூ. விண்டோஸில் ஐஓசிபி என்று நல்ல வசதி இருக்கிறது, ஆனால் எஞ்சின்எக்ஸின் விண்டோஸ் பதிப்பு அதைப் பயன்படுத்துவதில்லை, பல வொர்க்கர் திறந்தாலும் ஒன்றுதான் வேலை செய்யும் என்று அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. அதை விண்டோஸில் அளந்து வந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள். விண்டோஸுக்குப் பொருந்துவது மைக்ரோசாஃப்டின் வெப் சர்வரான ஐஐஎஸ்தான், அதிலும் விண்டோஸ் ப்ரோ போட்ட சாதாரண பிசியில் ஒரே நேரத்தில் 10 ரிக்வெஸ்டுக்கு மேல் ஓடவிடாது, மீதி வரிசையில் நிற்கும், சர்வர் பதிப்பில் அந்தக் கட்டு இல்லை.

கடைசியாக ஓஎஸ் போடும் வேலிகள். ஒவ்வொரு இணைப்பும் திறந்திருக்கும் ஒரு ஃபைல் கணக்கில் சேரும், அதன் வரம்பை ulimit -n என்று டெர்மினலில் அடித்துப் பார்த்தால் லினக்ஸில் பெரும்பாலும் 1024, மேக்கில் 256 என்று காட்டும். ப்ராக்ஸியாக, அதாவது இடைத்தரகராக நிற்கும் எஞ்சின்எக்ஸுக்கு ஒரு ஆளுக்கு இரண்டு செலவு, வெளியே ஒன்று, உள்ளே ஜியூனிகார்னுக்கு ஒன்று. ஏற்றுக்கொள்ளப்படாமல் வாசலில் நிற்கும் இணைப்புகளின் வரிசைக்கு சோமேக்ஸ்கான் என்ற வரம்பு, லினக்ஸ் 5.4 வரும்வரை அது 128தான், அதற்குப் பிறகு 4096.

எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு டேட்டாபேஸை மறந்துவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் டிஃபால்டாக 100 இணைப்புதான் தரும். ஒரு மெஷினில் 36 த்ரெட், ஆளுக்கு ஒரு இணைப்பு, அப்படி மூன்று மெஷின் என்றால் 108. இப்போது தூங்கும் பக்கத்துக்குப் பதிலாக ஒரு க்வெரி ஓட்டும் பக்கத்தை வைத்து, மூன்று மெஷினையும் ஒன்றாகத் தாக்கி, போஸ்ட்கிரெஸ் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.