புனித ஹூபர்டஸ் வேட்டை மாளிகையைப் பார்க்கச் செல்வோருக்கு

நெதர்லாந்தின் டி ஹோகே வெலுவே தேசியப் பூங்காவுக்குள், கப்பல் வணிகத்திலும் சுரங்கத் தொழிலிலும் பெரும்பொருள் ஈட்டிய ஆன்டன் க்ரோலரும் அவருடைய மனைவி ஹெலீனும் கட்டுவித்த வேட்டை மாளிகை நிற்கிறது. அதை நன்கு பார்க்க விரும்புவோர், புறப்படும் முன்பே, மாளிகைக்குப் பெயர் தந்தவரும் வேட்டைக்காரர்களின் காவல் புனிதருமான ஹூபர்டஸின் கதையை அறிந்துகொள்ள வேண்டும். புனித வெள்ளியன்றும் வேட்டைக்குச் சென்ற அவர், ஒரு கலைமானின் கொம்புகளுக்கு நடுவே ஒளிரும் சிலுவையைக் கண்டு மனம் மாறினார் என்பது மரபு. இக்கதை தெரியாதவருக்கு இது அழகான செங்கல் கட்டடம் மட்டுமே.

உட்புறத்தை வழிகாட்டியுடன் மட்டுமே காணலாம். பூங்காவின் நுழைவுச்சீட்டோடு இதற்குத் தனிச்சீட்டும் வேண்டும் என்பதால், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். ஒட்டர்லோ, ஹூண்டர்லோ, ஸ்கார்ஸ்பெர்கன் ஆகிய மூன்று வாயில்களிலும் வெள்ளை சைக்கிள்கள் இலவசமாகக் கிடைக்கும். பலவற்றில் கைப்பிரேக் இராது. பெடலைப் பின்னோக்கி மிதித்தே நிறுத்த வேண்டும் என்பதால், சற்று ஓட்டிப் பழகிய பிறகு கிளம்புவது நல்லது.

மாளிகையை அடைந்ததும் உடனே உள்ளே செல்லாமல், முதலில் குளத்தின் எதிர்க்கரையில் நின்று முழுக் கட்டடத்தையும் பாருங்கள். 31 மீட்டர் உயரக் கோபுரம் சிலுவையின் இடத்தில் நிற்க, இருபுறமும் விரியும் பகுதிகள் மான்கொம்புகளாக அமையும்படி கட்டடக் கலைஞர் பெர்லாஹ தரைப்படத்தை வகுத்தார். உள்ளே சென்றபின் சுவர்களில் பதித்த மெருகிட்ட செங்கற்களின் நிறங்களைக் கவனியுங்கள். அறியாமையிலிருந்து தெளிவுக்கு ஹூபர்டஸ் நடந்த பாதையை அவை உணர்த்துகின்றன. மேசை நாற்காலிகளும் விளக்குகளும்கூட பெர்லாஹ வரைந்தவையே. ஒரே மனம் ஒரு வீட்டை முழுமையாக எண்ணிப் பார்த்ததன் நிறைவை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண்பது அரிது என்பேன். ஆயினும் 1920இல் பணி நிறைவுறும் முன்பே, 1919இல், அவர் அப்பொறுப்பிலிருந்து விலகிவிட்டார்.

1930களின் பொருளாதார நெருக்கடியில் தம்பதியரின் செல்வம் கரைந்தபோது, 1935இல் இந்நிலம் ஓர் அறக்கட்டளையிடம் சேர்ந்தது. இருவரும் இறுதிக்காலத்தில் இம்மாளிகையிலேயே வாழ்ந்து, பூங்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். ஆகவே மாளிகையோடு திரும்பிவிடாமல், ஹெலீன் சேர்த்த வான்கோ ஓவியங்கள் இருக்கும், 1938இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்கும் அதே சைக்கிளில் சென்று வாருங்கள். செப்டம்பர் இறுதியில் சென்றால், வழியில் செம்மான்கள் துணை தேடிக் கதறும் ஒலியையும் கேட்கலாம்.