பிளேவனொயிட் பற்றிய புற்றுநோய்ச் செய்தியை எடைபோடும் முறை

வீட்டில் ஒருவர் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரத் தொடங்கியதும், இன்ன இலையின் சாறு புற்றுநோயை அழித்துவிடுமாம் என்ற தகவல்கள் உறவினரின் கைபேசிகளிலிருந்து வந்து குவியும். அவற்றுள் பல முழுப் பொய்யல்ல; ஆய்வுகூடத்தில் உண்மையாகவே நடந்த பரிசோதனையின் அரைகுறைச் செய்திகள். எனவே அவற்றை வாசிக்கும்போது, ஆய்வு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் நோயாளிக்கு அதனால் ஆவது என்ன என்பதையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் சேர்மத்தின் பெயரைத் தேடுங்கள். வெறுமனே "மூலிகைச் சத்து" என்றிருந்தால் மேற்கொண்டு வாசிப்பது வீண். இத்தகைய செய்திகளில் வரும் பிளேவனொயிட்டுகள், 15 காபன் அணுக்களாலான ஒரே அடிப்படைக் கட்டமைப்பைக் கொண்ட தாவரச் சேர்மங்களின் பெருங்குடும்பம்: வெங்காயத்திலும் முருங்கை இலையிலும் உள்ள குவர்செற்றின், தேயிலையின் கற்றெக்கின்கள், சோயாவின் ஜெனிஸ்டீன் ஆகியன இதைச் சேர்ந்தவை. மஞ்சளின் குர்குமின் இக்குடும்பத்தில் இல்லை. "நித்தியகல்யாணியிலிருந்து மருந்து வரவில்லையா?" என்று கேட்பவர்கள் குறிப்பிடும் வின்கிறிஸ்டீனும் இதில் இல்லை, அது ஓர் அல்கலொயிட். அதையும் பூவை அவித்துக் கொடுப்பதில்லை. தூய்மையாகப் பிரித்தெடுத்து, பொதுவாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படாமல் நாளத்தில் ஏற்றுகிறார்கள்.

அடுத்து, பரிசோதனை எதில் நடந்தது என்று பாருங்கள். எம்சிஎப்-7, ஹெப்ஜி2 போன்ற பெயர்கள் இருந்தால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த மார்பக, ஈரல் புற்றுநோய்க் கலங்களில் நடந்த ஆய்வு. கொழும்பிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் நம் நாட்டு மூலிகைகள் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன. தொடக்கக் கட்டமாக அது முறையான வேலைதான். ஆனால் செறிவைக் கவனியுங்கள். ஆய்வில் கலங்களுக்கு 50 மைக்ரோமோலர் குவர்செற்றின் இட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலக்கூற்றுத் திணிவு ஏறத்தாழ 302 என்பதால், அது லீற்றருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் ஆகும். வழக்கமான உணவுக்குப் பின் குருதியில் காணப்படுவதோ பெரும்பாலும் 1 மைக்ரோமோலருக்கும் குறைவு. அதுவும் குடலும் ஈரலும் உருமாற்றி, வெளியேற்றத் தயாராக்கிய வடிவில்தான் இருக்கும். போதாததற்கு, இத்தகைய சேர்மங்கள் சில கலவளர்ப்புத் திரவத்திலேயே ஒட்சியேற்றமடைந்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். அப்போது கலங்களைக் கொன்றது எது என்பதே கேள்விக்குரியதாகிவிடும்.

ஆய்வு சுண்டெலியில் நடந்திருந்தால் ஒரு சிறு கணக்குப் போடலாம். சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோகிராமுக்கு 50 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், அதை மனிதருக்குரிய அளவாக மாற்ற 12.3ஆல் வகுத்து மனிதரின் உடல் எடையால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 244 மில்லிகிராம் வரும். 100 கிராம் வெங்காயத்தில் குவர்செற்றின் பெரும்பாலும் 20 முதல் 40 மில்லிகிராம் வரையே உண்டு. இந்தக் கணக்கு ஆய்வை வாசிப்பதற்கு மட்டுமே, வீட்டில் அளவு தீர்மானிப்பதற்கு அன்று. ஏனெனில் பல ஆய்வுகளில் எலியின் வயிற்றறைக்குள் நேரடியாக ஊசி மூலம் செலுத்தியிருப்பார்கள், வாய்வழி கொடுத்திருக்க மாட்டார்கள்.

மனிதரில் நடந்த சோதனை என்றால் நின்று வாசியுங்கள். இந்தியத் தாவரமொன்றிலுள்ள ரொஹிற்றுக்கின் என்ற சேர்மத்தை மாதிரியாகக் கொண்டு உருவாக்கிய பிளேவொபிரிடோல், கலப்பிரிவை நடத்தும் நொதியங்களைத் தடுப்பது. இவ்வகை மருந்துகளில் மனிதரில் முதலிற் சோதிக்கப்பட்டது அதுவே. இருந்தும் நீண்டகாலச் சோதனைகளுக்குப் பின்னும் அது வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. மாறாக, எபிமீடியம் என்ற தாவரத்தின் ஐகரிற்றின் என்ற பிளேவனொயிட்டை முற்றிய ஈரல் புற்றுநோயாளரில் ஒரு பகுதியினருக்காகச் சீனா 2022இல் அனுமதித்தது. இத்துறையில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் சரியாகாது.

சிகிச்சை நடக்கும் காலத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. மல்டிபிள் மயலோமா என்ற குருதிப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் போர்ற்றெசோமிப் என்ற மருந்தைப் பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற கற்றெக்கின் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் என்பதைக் கலங்களிலும் எலிகளிலும் நடந்த ஆய்வொன்று 2009இல் காட்டியது. ஜெனிஸ்டீன் எலிகளில், மார்பகப் புற்றுநோய் மருந்தான தமொக்சிபெனின் பயனைக் குறைத்தது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி தரும் மாத்திரைகள் ஈரல் நொதியங்களை உயர்த்தக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் தெரிவித்தது. மாலையில் குடிக்கும் பிளேன்டீயை அந்த மாத்திரையோடு சேர்த்துப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

புறக்கோட்டையில் வாங்கிய பொதியோ வெள்ளவத்தை மருந்தகத்தில் வாங்கிய மாத்திரையோ எதுவானாலும், அதன் லேபிளை கிளினிக் கொப்பியோடு எடுத்துச் சென்று, அடுத்த கீமோ ஏற்றுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். பெயர், அளவு, தொடங்கிய திகதி மூன்றையும் கொப்பியிலேயே எழுதிவைத்தால், நெரிசலான கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் கேள்வியைக் கேட்டு முடித்துவிடலாம். பதில் கிடைக்கும் வரை அதைக் கொடுக்காமல் வையுங்கள். வைத்தியர் எழுதிய மருந்துகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.