மீன் தொட்டியின் ஃபில்டர் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை

சேலத்தில் சித்திரை வெயில் கொளுத்தும் நாள்களில் ஃபில்டர் நின்றுபோனால், மீன்களைக் காப்பாற்ற நமக்குக் கிடைக்கும் நேரம் மார்கழியில் கிடைப்பதைவிட மிகவும் குறைவு. 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். ஆகவே பழுது பார்ப்பதற்கு முன்பே காற்றுக்கு வழி செய்ய வேண்டும்.

முதலில், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே ஒரு குவளையில் மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றிக்கொண்டிருங்கள். அரை மணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். கௌராமியும் ஃபைட்டரும் இயல்பாகவே மேலே வந்து காற்றை உறிஞ்சும் என்பதால் அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இரண்டாவது வேலை ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சைக் காப்பது. புதிதாக மீன் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் படிந்திருக்கும் பழுப்பு நிறப் படிவில்தான் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டருக்குள் தண்ணீர் சில மணி நேரம் ஓடாமல் நின்றால் அவை மடியத் தொடங்கும். எனவே பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, தொட்டியிலேயே காற்றுக் குமிழ்கள் படும் இடத்தில் மிதக்க விடுங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் அது நலமாக இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஃபில்டருக்குள் தேங்கிய தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தனி வாளியில் எடுத்த தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே உள்ளே விடுங்கள். குழாயடியில் மட்டும் கழுவாதீர்கள். மேட்டூரிலிருந்து வரும் குடிநீரில் கலக்கப்படும் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும்.

அதன் பிறகு ஃபில்டரைப் பிரித்துப் பாருங்கள். அம்மாபேட்டையில் தறி ஓடும் எங்கள் வீட்டில் ஒருநாள் ஃபில்டர் உறுமிவிட்டு நின்றது. திறந்தபோது, தண்ணீரைத் தள்ளும் சிறு சுழலியான இம்பெல்லரின் பீங்கான் தண்டில் ஒரே ஒரு பட்டு இழை, ஊடைக்குச் சுற்றிய நூலைப் போல இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஊசியால் அதை நீக்கி, பழைய பல் துலக்கும் பிரஷால் குழியைத் தேய்த்ததும் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டு எளிதில் உடையும் என்பதால் மெதுவாக இழுக்க வேண்டும்.

மோட்டாரே எரிந்திருந்தால் புது ஃபில்டர் வாங்குங்கள். ஆனால் பழைய ஸ்பாஞ்சை அதற்குள் வைத்து ஒரு மாதமாவது ஓட விடுங்கள்.

அடுத்த இரண்டு நாள்கள் இரை போட வேண்டாம். வளர்ந்த மீன்கள் அதைத் தாங்கும். நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் ஆன்டி குளோரின் கலந்த பிறகே ஊற்றுங்கள். இதுவரை மேட்டூர்த் தண்ணீரில் வளர்த்தவர்கள் அவசரத்துக்குப் போர் தண்ணீருக்குத் தாவ வேண்டாம்; அதனால் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். உயர்ந்தால் அம்மோனியாவின் நச்சும் கூடும். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து, தொடர்ந்து சில நாள்கள் அப்படியே நின்ற பிறகு வழக்கமான இரைக்குத் திரும்பலாம்.