தேடி வந்தவருக்கு முதல் பத்தியிலேயே விடை: வலைப்பதிவு எழுதத் தொடங்குவோருக்கு

எழுத அமரும் முன், உங்கள் பதிவு எந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லப்போகிறது என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘சிங்கப்பூரில் தைப்பூசம்’ என்பது கேள்வியாகாது. வரலாறு, காவடி, அன்னதானம், சாலை மூடல் என எல்லாம் அதற்குள் வந்து சேரும், எங்கே நிறுத்துவது என்பது எழுதுபவருக்கே தெரியாது. ‘அன்று வேலைக்குப் போகவேண்டியவர் பால்குடம் எடுக்க எப்போது புறப்படலாம்?’ என்பதுதான் கேள்வி. தைப்பூசம் 1968-இல் இங்கே பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதால், இதைக் கேட்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

அடுத்தது, விடையை முதல் பத்தியிலேயே வைப்பது. பள்ளிக் கட்டுரையில் முன்னுரை எழுதியே பழகிய கைக்கு இதுதான் எல்லாவற்றிலும் கடினம். ஆனால் இணையத்தில் வாசகர் பொறுத்திருப்பதில்லை. இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தைச் சொல் சொல்லாகப் படிக்காமல் கண்ணை மேலோட்டமாக ஓடவிட்டனர். கைப்பேசிக் காலத்தில் அந்த அவசரம் குறைந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு தொடக்கத்தைப் பாருங்கள்: ‘தமிழர் பண்பாட்டில் தைப்பூசத்திற்குத் தனி இடம் உண்டு. உலகெங்கும் வாழும் முருக பக்தர்கள் இத்திருநாளை வெகு விமரிசையாகக் கொண்டாடி வருகின்றனர்.’ இதில் பிழை இல்லை. வாசகருக்குத் தெரியாத செய்தியும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்: ‘பால்குடம் எடுப்போர் முதல்நாள் இரவிலேயே சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து புறப்படத் தொடங்குவர். நேரத்தை முன்கூட்டியே பதிந்துகொண்டால், டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயத்தில் குடத்தைச் செலுத்திவிட்டு வேலைக்குப் போக முடியும்.’ இடம், நேரம், நிபந்தனை மூன்றும் வந்துவிட்டன. வரலாற்றை விட்டுவிட வேண்டியதில்லை; பின்னால் வைத்தால், தங்கிப் படிக்கும் வாசகர் அதை விரும்பியே படிப்பார்.

தலைப்பிலும் இதே கவனம் வேண்டும். ‘மறக்க முடியாத இரவு’ என்று தேடி எவரும் வரமாட்டார்கள். தேடல் முடிவுகளில் நீண்ட தலைப்பின் வால் வெட்டப்படுவதால், ‘தைப்பூசம் பால்குடம்’ போன்ற முதன்மைச் சொற்கள் முன்னால் நிற்கட்டும்.

பத்திகளைக் கைப்பேசித் திரையில் பார்த்தே அமையுங்கள். வேற்றுமை உருபும் சாரியையும் சேர்ந்து நம் சொற்கள் நீள்வதால், திரையின் ஒரு வரியில் மூன்று நான்கு சொற்களே அடங்கும். முப்பது சொல் வாக்கியம் எட்டுப் பத்து வரிகளுக்கு ஓடும். அதற்காக எல்லா வாக்கியங்களையும் துண்டு துண்டாக்குவது எனக்கு உடன்பாடில்லை. காரணமும் விளைவும் பிணைந்த இடத்தில் நீண்ட வாக்கியமே தெளிவு தரும். பத்திக்கு ஒரு கருத்து என்பதை மட்டும் மீறாதீர்கள். தமிழகத்திலிருந்தும் வாசகர் வருவார் என்பதால், வீவக என்று எழுதுமுன் ஒரு முறையேனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று விரித்து எழுதுங்கள்.

தட்டச்சு, எல்லாக் கருவிகளிலும் எழுத்தைச் சரியாகக் காட்டும் ஒருங்குறியில் (யூனிகோட்) இருந்தால் போதும். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம் செயலியைக் கொண்டு கைப்பேசியிலேயே எழுதிவிடலாம்.

எழுதியதை ஒரு நாள் ஆறப்போட்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ணகர னகரக் குழப்பத்தையும் விடுபட்ட ஒற்றையும் தனியாக ஒருமுறை தேடித் திருத்துங்கள். புறப்படும் நேரம், மூடப்படும் சாலைகள் போன்றவற்றை அவ்வாண்டின் ஆலய அறிவிப்போடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். சென்ற ஆண்டின் நேரத்தை நம்பிக் குடத்தோடு வந்து நிற்பவருக்கு நம் எழுத்தழகு உதவாது. கடைசியாகச் சரிபார்த்த தேதியைப் பதிவின் தலைப்புக்குக் கீழேயே குறித்துவிட்டு வெளியிடுங்கள்.