ஆன்லைன் கடையில் என்ன விற்கலாம்? தேடுசொற்களை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

"ஆன்லைன் கடை ஆரம்பிக்கணும், என்ன பொருள் விற்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலை எதிர்பார்க்கிறார்கள். பட்டியலாக வெளிவந்துவிட்ட பொருளைப் பலர் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பார்கள். மக்கள் கூகுளிலும் அமேசானிலும் என்ன தட்டுகிறார்கள் என்று நீங்களே பார்ப்பதுதான் நல்ல வழி. அதற்கு வேண்டிய அடிப்படைக் கருவிகளுக்குக் காசு தேவையில்லை. இரும்பு தோசைக்கல்லை உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கைக்கு எட்டும் பொருள்

நேரில் போய்ப் பார்த்து, தரம் சோதித்து வாங்க முடிகிற பொருள்கள் ஐந்தாறை எழுதுங்கள். சேலம் பக்கம் இருப்பவருக்குக் கல்சட்டி, பண்ருட்டிக்காரருக்குக் கொலு பொம்மை என்று ஊருக்கு ஊர் இது மாறும்.

ஒவ்வொரு பொருளையும் மக்கள் எப்படியெல்லாம் தட்டுவார்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள்: தமிழில் தோசைக்கல், அதையே ஆங்கில எழுத்தில், பிறகு தோசா தவா, காஸ்ட் அயர்ன் தவா. தமிழ் எழுத்தில் மட்டும் தேடிவிட்டு 'இதற்குக் கிராக்கி இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படி 2: தேடல் பெட்டி தரும் பரிந்துரைகள்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாமல் இருக்க, பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறங்கள். கூகுளில் சொல்லைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே வருவதை எல்லாம் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். பிறகு அதே சொல்லோடு ஏ, பி, சி என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். அமேசான், ஃப்ளிப்கார்ட், யூடியூப் தேடல் பெட்டிகளிலும் இதையே செய்யுங்கள். அமேசானில் தட்டுபவர் பெரும்பாலும் வாங்க வந்தவர். யூடியூபில் தட்டுபவர் பொருளை வைத்துக்கொண்டு திண்டாடுபவராகவும் இருக்கலாம். இரண்டு பேருமே நமக்கு வேண்டும்.

சேர்த்ததை மூன்றாகப் பிரியுங்கள். 'விலை', '12 இன்ச்', 'இண்டக்‌ஷன்' போன்ற சொற்கள் ஒட்டி வந்தால் வாங்கும் எண்ணம். 'எப்படிப் பழக்குவது' என்று வந்தால் தெரிந்துகொள்ளும் எண்ணம். 'ஒட்டுது', 'துரு' என்று வந்தால் சிக்கல்.

தோசைக்கல் என்ற பெரிய சொல்லை வைத்துப் புதுக் கடை போட்டியில் நிற்பது கடினம். அதன் பின்னால் ஒட்டி வரும் சொல்தான் வாங்குபவரின் தேவையைச் சொல்கிறது. பழக்கத் தெரியாமல் பலர் தேடுகிறார்கள் என்றால், பழக்கி முடித்த கல் ஒரு பொருள். துருவைப் பற்றித் தேடினால், தேங்காய் நார் தேய்ப்பானும் மரத் திருப்பியும் சேர்ந்த பராமரிப்புப் பொதி இன்னொரு பொருள். அந்தப் பொதியில் நல்லெண்ணெய் பாட்டிலும் வைக்க நினைத்தால் அது உணவுப் பொருளாகிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயில் பதிவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: கூகுள் ட்ரெண்ட்ஸ்

ஒரு சொல்லைத் தேடும் ஆர்வம் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் கூகுளின் இலவசத் தளம் இது. சொல்லைத் தட்டி, இடத்தை இந்தியா என்றும், பிறகு தமிழ்நாடு என்றும் வையுங்கள். காலத்தை 5 ஆண்டுகளாக்குங்கள். கோட்டில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண், எத்தனை பேர் தேடினார்கள் என்பதல்ல. அந்தக் காலத்தில் ஆர்வம் உச்சத்தில் இருந்த நேரத்தை 100 என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

'கொலு பொம்மை'யைப் போட்டுப் பாருங்கள். நவராத்திரியை ஒட்டி மேலே போகும், பிறகு படுத்துவிடும். அப்படிப்பட்ட பொருளுக்குச் சரக்கை ஆடி மாதத்திலேயே பேசி வைக்க வேண்டும், மிஞ்சினால் அடுத்த வருஷம் வரை பணம் முடங்கும். தோசைக்கல் வருஷம் முழுக்கப் புழங்கும் சாமான். முதல் கடைக்கு அந்த வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

கீழே வரும் தொடர்புடைய தேடல்களில் 'பிரேக்அவுட்' என்றிருந்தால் வளர்ச்சி 5000 சதவீதத்துக்கும் மேல் என்று பொருள். அடிப்படை மிகச் சிறியதாக இருந்தாலும் அப்படி வரும் என்பதால் உடனே சரக்கு எடுத்துவிட வேண்டாம்.

படி 4: கீவேர்ட் பிளானர்

ஒரு சொல்லை மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை முறை தேடுகிறார்கள் என்று காட்டும் கருவி இது. கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் கணக்கு திறந்தால் உள்ளே இருக்கும். 'டிஸ்கவர் நியூ கீவேர்ட்ஸ்' பகுதியில் உங்கள் சொற்களைக் கொடுத்து, இடமாகத் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரம் ஓடாத கணக்கில் 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான வரம்பே தெரியும். பொருளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

'காம்பெடிஷன்' பத்தி விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டியை மட்டும் காட்டுகிறது. எத்தனை கடைகள் விற்கின்றன என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் ஏலத் தொகை, அதாவது அந்தச் சொல்லில் விளம்பரம் காட்ட விளம்பரதாரர்கள் கொடுக்கும் தொகை, உதவியானது: ஒரு சொல்லுக்கு மற்றவர்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயார் என்றால், அந்தச் சொல்லில் வியாபாரம் நடக்க வாய்ப்பிருக்கிறது.

படி 5: விமர்சனங்கள்

தேர்ந்த சொல்லை அமேசானில் போட்டு, முதல் பக்கப் பொருள்களின் 2, 3 நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். ஒரு நட்சத்திரத்தில் கோபம் நிறைய இருக்கும். நடுவில் இருப்பவர்கள்தான் காரணம் சொல்வார்கள்: கைப்பிடி சுடுகிறது, நடுவில் குழி, அடுப்பில் சரியாக உட்காரவில்லை. ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சரிசெய்து தரும் பட்டறையைத் தேடிப் போங்கள்.

படி 6: கூரியர் கணக்கு

பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுக்கும். அந்த எண்ணுக்கும் உண்மையான எடைக்கும் இடையே எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 35 × 35 × 8 பெட்டியில் தோசைக்கல் என்றால் 1.96 கிலோ, ஏறக்குறைய அதன் சொந்த எடையே. 30 × 30 × 40 பெட்டியில் ஒரு பொம்மை என்றால் 7.2 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும், பொம்மை எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி. உடைசல் அதற்கு மேல். கொள்முதல், பேக்கிங், கூரியர், தளத்தின் கமிஷன், திரும்பி வரும் பார்சல் எல்லாம் கழித்தும் லாபம் நிற்கிற பொருளை மட்டும் ஷீட்டில் விட்டுவையுங்கள்.

மிஞ்சியதில் ஒன்றைச் சின்ன அளவில் வாங்கி ஏற்றுங்கள். படி 2இல் பிடித்த சொற்களையே தலைப்பாக்குங்கள்: 'பழக்கிய இரும்பு தோசைக்கல், 12 இன்ச், இண்டக்‌ஷனுக்கும் கேஸுக்கும்'. இண்டக்‌ஷனில் வைத்து நீங்களே ஒரு தோசை சுட்டுப் பார்த்த பிறகு அந்தச் சொல்லைப் போடுங்கள்.