துடுப்பில் காதை வைத்துத் தொடங்குங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இரவில் கடையை மூடியதும் அதே மேசையில் ஈயம் ஒட்டும் இரும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு மடிகணினியைத் திறந்து இசை செய்வேன். பாட்டு கிடையாது, தாளம் பெரும்பாலும் கிடையாது. ஒரு இடத்தின் காற்றும் ஈரமும் வெளிச்சமும் காதுக்குள் வந்து நிற்கிற மாதிரியான மெதுவான இசை. கடைக்கு வரும் பெடியன்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். என்ன சொஃப்ட்வெயார் அண்ணா? இதெல்லாம் எங்கிருந்து தோன்றுகிறது? முதலாவதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: காசில்லாமல் கிடைக்கிற ஒடாசிட்டி போதும். இரண்டாவதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டைக் கேளுங்கள்

நான் தொடங்கிய காலத்தில் எல்லோரும் செய்வதையே செய்தேன். இணையத்தில் இறக்கிய அலை ஓசை, அதன் மேல் சிந்தசைசரின் நீண்ட சுரங்கள். ஒருநாள் இரவு ஸ்பீக்கரில் அதைப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அறைக்குள் வந்தார். "நிப்பாட்டு மனே" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது இல்லை. வேறு ஊர்களில் தூங்குவதற்காக அலை ஓசையைப் போட்டுக் கேட்கிறார்கள். அம்மாவுக்கு அது தூக்கத்தைப் பறிக்கிற ஓசை. எந்த ஓசைக்கும் எல்லா இடத்திலும் ஒரே பொருள் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தத் துண்டை அழித்தேன். அதற்குப் பிறகு, எனக்கு வரலாறு தெரியாத எந்த ஓசையையும் என் இசைக்குள் நான் எடுத்ததில்லை.

அதனால் நீங்களும் ஒரு கொப்பி எடுங்கள். ஒரு வாரத்துக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம். கேட்கிற ஓசையையும் நேரத்தையும் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். அந்த ஓசையைக் கேட்டு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள், அதுதான் முக்கியம். என் கொப்பியில் இருந்தவற்றில் சில: தெற்குக் காற்று அடிக்கும் நாளில் காத்தான்குடிப் பக்கமிருந்து தேய்ந்து வரும், விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபஹ் பாங்கு, அம்மா எழும்பி அடுப்பு மூட்டுகிறார். பாண் ஆட்டோவின் மின்னிசை, பக்கத்து வீட்டுப் பிள்ளை படலைக்கு ஓடுகிறது. கச்சான் என்கிற வறண்ட காற்றில் காய்ந்த தென்னோலை உரசுவது, எல்லோருக்கும் எரிச்சல். வைகாசிக் குளிர்த்திச் சடங்கு நாட்களில் கண்ணகி அம்மன் கோயிலின் உடுக்கு, தெருவே பேச்சைக் குறைக்கிறது.

இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை மட்டும் தெரிவு செய்யுங்கள். முழுத் துண்டையும் அந்த ஒன்றிலிருந்தே செய்யப்போகிறோம். சடங்கின் ஒலியைத் தொடுவதானால் கோயில்காரரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் தொடுங்கள். நான் உடுக்கைத் தொடவில்லை. நான் எடுத்தது வாவியை, எங்கள் ஊரின் கடலோர நீர்ப்பரப்பை.

துடுப்பு

எங்கள் ஊரை மீன் பாடும் தேனாடு என்பார்கள். கல்லடிப் பாலத்தடியில், பௌர்ணமியை ஒட்டிய அமைதியான இரவுகளில், தண்ணீருக்குள்ளிருந்து ஒரு இசை கேட்கும். 1848இல் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இங்கு வந்து தோணியில் போய் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். ஈரவிரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நடுக்கம் போல இருந்தது, ஒரே நீண்ட சுரமாக இல்லாமல் எத்தனையோ சின்னச் சின்ன ஒலிகள், மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் கலந்து கேட்டன என்கிறார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியது என்றும் சொல்கிறார். மீனவர்கள் அவரிடம் சொன்ன பெயரில் மீன் இல்லை, ஊரி இருந்தது. ஓட்டுக்குள் வாழும் ஊரிதான் அழுகிறது என்றார்கள்.

எனக்கு அதைக் காட்டித் தந்தவர் பக்கத்து வளவு மாமா. நாற்பது வருடமாக வாவியில் வலை வீசுகிறவர். என் ரெக்கோடரையும் மைக்கையும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பிறகு. முதல்ல துடுப்பத் தண்ணிக்குள்ள விடு. மற்ற நுனியில காத வை" என்றார்.

வைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. பாலத்தில் லொறி போகும்போது கொங்கிரீட்டின் இணைப்பில் விழும் அடி, தண்ணீர் வழியாக மரத்துக்குள் ஏறி வந்தது. அது ஓய்ந்த பிறகு மிகத் தாழ்வாக, தம்பூராவை அடுத்த வீட்டில் மீட்டுவது போல ஒன்று. நான் மூச்சு விட்டாலே மறைந்துவிடுகிற அளவுக்கு மெல்லியது. விடியும்வரை துடுப்பை விட்டு நான் தலையைத் தூக்கவில்லை.

தண்ணீருக்குள் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல். ஆனால் தண்ணீரிலிருந்து காற்றுக்கு ஏறும் இடத்தில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. கரையில் நின்று மைக்கை நீட்டினால் ஒன்றும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். மரம் அந்த எல்லையைத் தாண்டி ஒலியைக் கொண்டுவருகிறது. மாமாவின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்தது ஒரு தொடுகை மைக், அதாவது பொருளைத் தொட்டு அதன் அதிர்வை எடுக்கிற மைக்.

தகட்டை ஒட்டுதல்

அந்தத் துடுப்புக்கு வயர் போடுவதுதான் என் வேலை. அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீற்றர் பீசோ தகடு ஒன்று வாங்குங்கள். பழைய அலாரம், பாட்டுப் பாடும் பொம்மை பலவற்றிலும் இப்படியான தகடு இருக்கும். நடு வெள்ளை வட்டத்தில் ஒரு வயர், பித்தளை விளிம்பில் மற்றது. உள்வயரைச் சுற்றிக் கம்பிவலை போட்ட, ஷீல்ட் உள்ள வயராகவே இருக்கட்டும், அந்த வலைக்கம்பி பித்தளைக்குப் போக வேண்டும். ஈயத்தை ஒரு விநாடிக்குள் ஒட்டி இரும்பை எடுத்துவிடுங்கள், சூடு ஏறினால் தகடு செத்துவிடும். துடுப்பின் கைப்பிடி நுனியில் தகட்டைத் தட்டையாக வைத்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். பஞ்சு டேப் வேண்டாம், அது ஒலியைக் குடித்துவிடும். தகடு தண்ணீருக்கு மேலே இருப்பதால் நீர் புகாமல் மூடும் பெரிய வேலை மிச்சம்.

அடுத்ததில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். வயரை நேராகப் போனின் மைக் துளையில் செருகினால் தகரச் சத்தம்தான் வரும். காரணம் இதுதான்: இந்தத் தகட்டின் கொள்ளளவம் சுமார் 20 நனோபரட், போனின் மைக் உள்ளீட்டுத் தடை சுமார் 2 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 4000 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துபோகும். வாவியின் உடலே அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஓடியோ இன்டர்ஃபேஸ் என்பது ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் பெட்டி. கிற்றார் செருகும் உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸில் தடை ஏறத்தாழ ஒரு மெகா ஓம். அதில் செருகினால் 8 ஹேர்ட்ஸ் வரை இறங்கலாம். இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர் ஒன்றும் 9 வோல்ட் பற்றரியும் வைத்து உள்ளீட்டுத் தடையை உயர்த்தும் ஒரு சின்ன பஃபர் கட்டிக்கொள்ளலாம். எந்த இலத்திரனியல் கடையிலும் பாகங்கள் மலிவு.

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். கருவி இடம் கொடுத்தால் மாதிரி வீதத்தை (சாம்பிள் ரேட்) 96 கிலோ ஹேர்ட்ஸ் வையுங்கள், ஏனென்றால் பிறகு இதை மெதுவாக்கப்போகிறோம். மோனோவில் நிமிடத்துக்கு 17 மெகாபைட் போகும், மெமரி கார்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவை வைத்துவிட்டு, பத்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். வயர் அசைந்தால் அதுவும் பதிவாகும்.

ஒன்று சொல்ல வேண்டும். தனியாகப் போகாதீர்கள். ஒருமுறை நள்ளிரவில் வயரும் பெட்டியுமாகப் பாலத்தில் நின்ற என்னை நிறுத்தி ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். மனம் நொந்து வீடு திரும்பினேன். வாவியில் தொழில் செய்கிறவர்களோடு, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்கள் வலை இல்லாத நேரத்தில் போங்கள். அவர்கள் பேசுவது பதிவில் விழுந்தால் அதை இசையில் பயன்படுத்தாதீர்கள்.

வாவிக்குப் போக முடியாதவர்கள் டெனன்ட் சொன்னதையே செய்யலாம். மெல்லிய கண்ணாடிக் கிண்ணம், ஈரவிரல். தண்ணீர் கூடக் கூடச் சுரம் இறங்கும். தகட்டைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிப் பதிவு செய்யுங்கள்.

இரண்டு விநாடியிலிருந்து

பதிவு முழுவதையும் ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். உங்களை நிமிரவைக்கிற இடம் ஒன்று வரும். அந்த இரண்டு விநாடியை மட்டும் வெட்டி எடுங்கள். ஒடாசிட்டியில் போல்ஸ்ட்ரெச் என்ற கருவி இருக்கிறது. பத்து மடங்கு நீட்டினால் 2 விநாடி 20 விநாடியாகும். சுரம் மாறாது, ஒலி பனிபோலப் பரவும். இது உங்கள் அடிநிலம்.

அடுத்து, அதே துணுக்கை வேக மாற்றத்தால் (இதில் வேகத்தோடு சுரமும் மாறும்) நான்கு பிரதிகளாக்குங்கள்: பாதி வேகம், முக்கால் வேகம், அதே வேகம், ஒன்றரை வேகம். இந்தக் கணக்கை நான் எடுத்தது எங்கள் விபுலாநந்த அடிகளிடமிருந்து. 1892இல் காரைதீவில் பிறந்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். மறைந்துபோன யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்கப் பல வருடம் உழைத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அடுத்த மாதமே மறைந்தார். அவருடைய சமாதி கல்லடியில் என் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். பழந்தமிழ் இசையில் குரல் என்பது இன்றைய ச, இளி என்பது ப. இளிக்கும் குரலுக்கும் உள்ள உறவு 3க்கு 2, அதாவது ஒன்றரை. முக்கால் என்பது கீழ்க்குரலின் இளி.

கீபோர்டில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து ஏழு கட்டை ஏற்றினாலும் இளி வரும், ஆனால் ஒரு மயிரிழை தாழ்வாக. 100 ஹேர்ட்ஸ் குரலுக்கு 150 வர வேண்டிய இடத்தில் 149.83 வரும். அதனால் மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரு மெல்லிய அலைவு எழும். விரைவான பாட்டில் யாருக்கும் தெரியாது. நிமிடக் கணக்கில் ஒரே சுரத்தில் நிற்கிற இசையில் அது காதைச் சுரண்டும். வேக மாற்றத்தால் செய்த இளி அசையாமல் நிற்கும். தண்ணீர் நிற்கிற மாதிரி.

பிறகு இவற்றைச் சுழலவிட வேண்டும். 1978இல் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விமான நிலையங்களுக்கென்று செய்த இசையில் நாடாத் துண்டுகளை வெவ்வேறு நீளத்தில் வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார். ஒன்று 23½ விநாடி, இன்னொன்று 25⅞. அவை ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் சந்தித்தன. எங்கள் ஊருக்கு 1978 சூறாவளி ஆண்டு. அதே ஆண்டில் வேறொரு மூலையில் ஒருவர் இவ்வளவு அமைதியான ஒன்றைச் செய்துகொண்டிருந்தார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். நான் 17, 23, 31 விநாடி வளையங்களை வைக்கிறேன். மூன்றும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி ஒன்றாகச் சேர 12,121 விநாடி ஆகும், 3 மணி 22 நிமிடத்துக்குச் சற்று மேல். அதில் உங்களுக்குப் பிடித்த எட்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது பிரதி, ஒன்றரை வேகத்தது, வளையமில்லை. அதை இரண்டே இரண்டு இடத்தில் மட்டும் வையுங்கள்.

எதிரொலிக்கு ஆயத்தமாக வரும் மண்டபங்களைத் தேட வேண்டாம். பாலத்தடியில் ஒரு பலூனை உடைத்துப் பதிவு செய்து, ஒரு இடத்தின் எதிரொலியை வேறு ஒலிக்கு ஏற்றும் கொன்வொலூஷன் ரிவேர்ப் கருவியில் போட்டால் உங்கள் ஒலி அந்தப் பாலத்தடியிலேயே நின்று ஒலிக்கும். 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே வள்ளத்தின் ஆட்டம் மட்டும்தான் இருக்கும். லொறி அடிகளை முழுக்க எடுத்துவிடாதீர்கள். நான் ஒன்றை விட்டிருக்கிறேன், ஐந்தாவது நிமிடத்தில்.

கடைசிச் சோதனையை ஹெட்போனில் செய்யாதீர்கள். குசினியில், மின்விசிறி சுற்றும்போது, சின்ன ஸ்பீக்கரில் தாழ்வாகப் போடுங்கள். நான் போட்டபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பாதியில் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார், பிறகு மறுபடி எடுத்தார். நிப்பாட்டச் சொல்லவில்லை.

மூலப் பதிவை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரில் இடம், நிலவு, நேரம், காற்று நான்கும் இருக்கட்டும். என்னுடையது இப்படி இருக்கிறது: கல்லடிப் பாலத்தடி, வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், இரவு 1.40, காற்றில்லை, மாமாவின் துடுப்பு.