ஜேசிபி வருமுன் மரத்துக்கு வேலி

ராமநாதபுரம் கடலோரத்தில் மனையைச் சுத்தம் செய்ய ஜேசிபி இறங்கினால் அரை நாளில் தரை மொட்டையாகிவிடும். வண்டி ஓட்டுபவருக்கு முள் இருந்தால் எல்லாமே சீமைக்கருவேலம்தான். அப்படித்தான் உடைமரங்கள் வீணாகப் போகின்றன. உச்சி குடை விரித்தாற்போல் தட்டையாக, காய் சுருண்டு இருந்தால் அது உடை. காய் நீளமாக, பழுத்தால் வெளிர்மஞ்சளாகத் தொங்கினால் சீமைக்கருவேலம். முந்தின நாளே நடந்து பார்த்து, நிற்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஆணி அடிக்காதீர்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததும் நினைவிருக்கட்டும்.

அடிமரத்தில் கீறல் விழாவிட்டால் மரம் தப்பியது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சாவு வேரில் தொடங்கும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணில்தான் இருக்கிறது. நெஞ்சுயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து நான்கால் பெருக்குங்கள். அடிமரத்திலிருந்து அவ்வளவு தூரம் தள்ளித்தான் வேலி வர வேண்டும். 3 அடிச் சுற்றளவுள்ள வேம்புக்கு எல்லாப் பக்கமும் 12 அடி. அந்த வட்டத்தில் சவுக்குக் கம்பு நட்டு, 4 அடி உயரத்துக்குப் பச்சை வலை கட்டுங்கள். உள்ளே வண்டி, ஜல்லி, செங்கல், கலவை எதுவும் கூடாது. சிமெண்ட் கழுவிய தண்ணீர் காரம் மிகுந்தது, அதையும் அங்கே ஊற்றவிடாதீர்கள். மனையை உயர்த்தக் கிராவல் கொட்டும்போது அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் வேருக்குக் காற்று போகாது. இலை உதிரத் தொடங்க ஓரிரு வருடம்கூட ஆகும் என்பதால் யாரும் கிராவலைச் சந்தேகிப்பதில்லை.

அஸ்திவாரக் குழி வட்டத்துக்குள் வந்தே தீரும் என்றால் அந்தப் பகுதியைக் கடப்பாரை, மண்வெட்டியால் தோண்டுங்கள். ஜேசிபியின் பக்கெட் வேரை வெட்டாது, இழுத்துக் கிழிக்கும். கிழிசல் அடிமரம் வரை போகும். குறுக்கே வரும் வேரை ரம்பத்தால் நேராக அறுத்து, குழி மூடும் வரை ஈரச் சாக்கு போடுங்கள். அடிமரத்தை ஒட்டிய தடித்த வேரைத் தொடவே வேண்டாம்.

பனைக்கும் தென்னைக்கும் இந்தப் பெருக்கல் பொருந்தாது. சுற்றிலும் 6 அடியாவது விடுங்கள். பக்கெட் உரசிய காயம் அவற்றில் ஆறாது. தென்னை என்றால் அதன் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும்.

சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டால் போதாது, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். திறந்த இடத்தில் வேரோடு பிடுங்கலாம். வேலிக்குப் பக்கத்தில் நின்றால் அறுத்துவிட்டு, கட்டையைக் கையால் தோண்டி எடுங்கள்.

மணல்மேட்டில் மணலைப் பிடித்து வைக்கும் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் குப்பைபோலத் தெரியும். வைகாசியில் அவற்றை வழித்தால் ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று மணலை வாசலுக்கே கொண்டுவரும். வழி விட வேண்டிய இடத்தில் மட்டும் அகற்றுங்கள், அதுவும் காற்று ஓய்ந்த பிறகு. அகற்றிய கொடியை 2 அடித் துண்டுகளாக்கி, இரண்டு கணுக்கள் புதையும்படி ஐப்பசி மழையோடு பக்கத்திலேயே ஊன்றினால் பிடித்துக்கொள்ளும்.